கடலடியில் கிடப்பவர்களுக்குப் பெயரில்லையா?

கும்மிடிப்பூண்டியிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து முதிய அம்மையார் ஒருவர் சென்ற மாதம் எளாவூரில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். மனு எழுத வேண்டும் என்றார். நாம் மதரஸாவில் அரபியும் பள்ளியில் தமிழும் சொல்லிக்கொடுத்துக் காலம் கழிப்பவர்கள். மனு எழுதுவது நம் தொழிலன்று. ஆயினும் இவ்வட்டாரத்தில் பேனா பிடித்தவன் எவனும் மனு எழுதித் தப்ப முடியாது.

அவருடைய மகன் 1996ஆம் ஆண்டு, பத்தொன்பதாம் வயதில், ஒரு தரகனிடம் பணம் கட்டிப் புறப்பட்டவன். 'நத்தாருக்குள் இத்தாலி போய்ச் சேருவம்' என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அவர் நம்மிடம் கேட்ட கேள்வி இதுதான்: "மாஸ்டர், எலும்பை எடுத்துப் பார்த்து ஆரெண்டு சொல்லலாமாம், மெய்யே?" சொல்லலாம் அம்மா, ஆனால் எலும்பை முதலில் கடலிலிருந்து எடுக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் இரத்தமும் வேண்டும் என்றோம். "இரத்தம் இருக்குத்தானே. எப்ப வந்து எடுப்பினம்?" என்றார். நம்மிடம் விடையில்லை.

அருகில் அமர்ந்திருந்த ஆலிம் நண்பர் ஒருவர், அம்மையார் போனபின் நம்மைக் கடிந்துகொண்டார். "நீரில் மூழ்கி மாண்டவர் ஷஹீது என்று ஹதீஸ் இருக்கிறது. மற்றச் சமயத்தார் கணக்கு அல்லாஹ்விடம். ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப் பின் கடலைக் கலக்கி எலும்புக்குப் பெயர் சூட்டுவதால் யாருக்கு என்ன? கடலே அவர்களுக்குக் கபுறு. அந்தக் கிழவிக்கு வீணாசை ஊட்டாதீர்" என்றார். அவருக்குப் பேருந்து வந்துவிட்டது. நமக்குக் கோபம் தீரவில்லை. அன்று திண்ணையில் சொல்லாத மறுமொழியை இங்கே எழுதுகிறோம். நண்பர் இவ்விதழின் வாசகர், படிப்பார்.

முதலில் நடந்தது என்னவென்று கூறிவிடுவோம். நம் குடும்பங்களில் பலர் இதனை அறியார்.

1996ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, சிசிலித் தீவுக்கும் மால்ட்டாவுக்கும் இடைப்பட்ட கடலில் யோகான் என்ற சரக்குக் கப்பலில் நூற்றுக்கணக்கானோர் அடைபட்டிருந்தனர். இந்தியப் பஞ்சாபியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் ஆகியோர் அவர்கள். இத்தாலிக் கரைக்குக் கொண்டுசெல்வதாகக் கூறி அவர்களை ஒரு சிறிய படகுக்கு மாற்றினார்கள். அப்படகின் அடையாளம் எஃப் 174. கொள்ளத்தக்க அளவைப் போலப் பன்மடங்கு ஆட்களை அதில் ஏற்றினர். கடல் கொந்தளித்தது, படகில் நீர் புகுந்தது. உதவிக்குத் திரும்பிய படகும் பெரிய கப்பலும் மோதிக்கொண்டன. படகு மூழ்கியது. மாண்டவர் தொகை குறைந்தது 283 என்பர். மத்தியதரைக் கடலில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதுவரை அமைதிக் காலத்தில் நிகழ்ந்த பெரும் விபத்துகளில் அது ஒன்று. அன்று உலகம் பண்டிகை கொண்டாடியது.

கப்பலிலேயே எஞ்சியிருந்தவர்களையும் நீரிலிருந்து ஏறியவர்களையும் கிரேக்க நாட்டுக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவர்கள் காவலரிடம் நடந்ததைக் கூறினார்கள். யாரும் நம்பவில்லை. 'உடல் எங்கே?' என்று கேட்டார்கள். இத்தாலிய அதிகாரிகள் அதனைக் கட்டுக்கதைபோல ஒதுக்கினர்.

உடல்கள் இருந்தன. சிசிலியின் தென்முனையிலுள்ள போர்ட்டோபாலோ என்ற மீன்பிடி ஊரின் வலைகளில், 1997ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அவை மீனோடு ஏறிவந்தன. முழு உடலாக வந்தன. பின்னர் உறுப்புகளாக வந்தன. பின்னர் எலும்பாக வந்தன. அவ்வூர் மீனவர் அவற்றைத் திரும்பக் கடலில் எறிந்தனர். கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை, படகு முடக்கம், பல நாள் தொழிலிழப்பு. இதனை எழுதும்போது அம்மீனவர்மீது கல்லெறிய நமக்குக் கை எழவில்லை. பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் மக்களை நாம் அறிவோம். ஒரு வாரம் தொழில் இல்லையென்றால் அடுப்பு எரியாது என்பதையும் அறிவோம். ஆனால் ஓர் ஊர் முழுவதும் அறிந்த செய்தியை நான்கு ஆண்டுக்கு மேல் ஓர் அரசு அறியாதிருந்தது என்பதை நாம் நம்பத் தயாரில்லை.

இந்த மௌனம் ஓர் அட்டையால் உடைந்தது. ஒரு மீனவரின் வலையில் வந்த துணியில், நீர் புகாதபடி உறையிட்ட இலங்கை அடையாள அட்டை ஒன்று இருந்தது. பதினேழு வயதுத் தமிழ்ப் பையன். படம் அழியவில்லை, பெயர் அழியவில்லை. அம்மீனவருக்கு மனம் கேட்கவில்லை. அவர் லா ரெப்புப்ளிக்கா என்ற நாளிதழின் செய்தியாளர் ஜொவான்னி மரியா பெல்லுவிடம் அதனைச் சேர்ப்பித்தார். வலை அடிக்கடி சிக்கிக் கிழிந்த இடத்தையும் சொன்னார். 2001ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீருக்கடியில் செல்லும் இயந்திரத்தைக் கருவிப்பெட்டியோடு இறக்கிப் படமெடுத்தார்கள். கரையிலிருந்து சுமார் 19 கடல் மைல் தொலைவில், 108 மீட்டர் ஆழத்தில், எஃப் 174 கிடந்தது. உள்ளே துணிகளும் எலும்புகளும் கிடந்தன. உண்மையை வெளியிட்ட அம்மீனவரை ஊரார் பகைத்தனர்.

அப்பையனின் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. நாம் இங்கே அச்சிடவில்லை. அவன் வீட்டாரின் இசைவு நம்மிடம் இல்லை. அந்தப் பெயருக்கு உரியவர்கள் அவர்களே.

அவனுக்குப் பெயர் உண்டு. மற்ற இருநூற்று எண்பத்துச் சொச்சம் பேருக்கு? அவர்கள் எல்லாரும் பைகளில் உறையிட்ட அட்டை வைத்திருக்கவில்லை. வைத்திருந்தவர்களிடமிருந்து அவற்றைத் தரகர்கள் முன்கூட்டியே பிடுங்கிக்கொள்வதும் இந்தத் தொழிலில் வழக்கம். படகின் எண் நமக்குத் தெரியும். அதனுள் கிடப்பவர் யார் என்பது தெரியாது. நம் எளாவூர்ச் சோதனைச்சாவடியைக் கடக்கும் ஒவ்வொரு லாரிக்கும் எண், சரக்கு, எடை எல்லாம் பதிவாகின்றன. அந்த லாரியின் மேலே, மூட்டைகளோடு மூட்டையாகப் படுத்துச் செல்பவனின் பெயரை எவரும் கேட்பதில்லை. உலகெங்கும் நடைமுறை இதுதான் போலும்.

2001ஆம் ஆண்டே இத்தாலியின் நோபெல் பரிசாளர் நால்வர், அதாவது ரீட்டா லெவி மொந்தால்சினி, ரெனாத்தோ துல்பெக்கோ, கார்லோ ருபியா, தாரியோ ஃபோ ஆகியோர், படகை மேலெடுத்து உடல்களை மீட்க வேண்டுமென்று தம் அரசைக் கேட்டனர். அரசு செய்யவில்லை. படகு சர்வதேசக் கடற்பரப்பில் கிடக்கிறது என்பது சொல்லப்பட்ட சமாதானங்களுள் ஒன்று. வழக்கு நடந்தது, கப்பல் தலைவனுக்கும் ஏற்பாட்டாளன் ஒருவனுக்கும் முப்பது முப்பது ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். குற்றவாளிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கொல்லப்பட்டவர்கள் இன்றுவரை எண்ணிக்கையாகவே இருக்கிறார்கள்.

முடியாத காரியமா இது? முடியாதென்றால் நாமும் நண்பரோடு சேர்ந்து 'இன்னா லில்லாஹி' ஓதிவிட்டு ஒதுங்கியிருப்போம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் லிபியாவுக்கு வடக்கே இன்னொரு படகு மூழ்கியது. எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதுவும் சர்வதேசக் கடற்பரப்பே. ஆழமோ 370 மீட்டர். அதே இத்தாலி அரசு 2016ஆம் ஆண்டு அப்படகைத் தூக்கிச் சிசிலியின் மெலில்லி கடற்படைத் துறைக்குக் கொண்டுவந்தது. தீயணைப்பு வீரர் உள்ளே இறங்கி உடல்களை ஒவ்வொன்றாக எடுத்தனர். மிலான் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தினா கத்தானேயோ என்ற பேராசிரியையும் பல பல்கலைக்கழகங்களின் தடய மருத்துவரும் ஊதியமின்றி வந்து ஆராய்ந்தனர். சுமார் 95 இலட்சம் யூரோ செலவாயிற்று. மெலில்லியும் போர்ட்டோபாலோவும் ஒரே சிராக்கூசா மாகாணத்தைச் சேர்ந்தவை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். 370 மீட்டரிலிருந்து தூக்கத் தெரிந்தவர்களுக்கு 108 மீட்டர் ஆழம் தெரியவில்லையா? முன்னதற்குக் கேட்க உலகத் தொலைக்காட்சிகள் இருந்தன. பின்னதற்குப் பஞ்சாபில் பல்வந்த் சிங் கேரா போன்றார் நடத்திய மால்ட்டாப் படகு விபத்து விசாரணைக் குழு ஒன்றுதான் ஆண்டுக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தது. அக்குழுவின் குரலோடு நம் தமிழ் மேடைகள் சேரவில்லை. மேடைக்கு நமக்குப் பஞ்சமா?

அந்த 2015ஆம் ஆண்டுப் படகில் கண்டெடுத்த ஒரு பொருளைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பதினான்கு வயது மதிக்கத்தக்க மாலி நாட்டுச் சிறுவன் ஒருவனின் உடையின் உள்ளே, தைத்து வைத்த காகிதம் ஒன்று இருந்தது. அது அவனுடைய பள்ளி மதிப்பெண் பட்டியல். தான் ஒழுங்காகப் படிப்பவன் என்று காட்டினால் புதிய நாட்டில் யாரேனும் சேர்த்துக்கொள்வார்கள் என்று எண்ணியிருப்பான். முப்பதாண்டாக மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட்டு வருபவர்கள் நாம். அன்றிலிருந்து அந்தக் கையெழுத்தை அலட்சியமாகப் போட முடியவில்லை.

இனி, காலம் கடந்துவிட்டது என்ற வாதம். டைட்டானிக் கப்பல் 1912ஆம் ஆண்டு மூழ்கியது. உடல் தேடச் சென்ற மெக்கே பென்னெட் கப்பல் 306 உடல்களை எடுத்தது. அவற்றுள் 116 உடல்களை மீண்டும் கடலிலேயே விட்டுவிட்டது. விடப்பட்டவர்களுள் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினரும் கப்பல் ஊழியரும். முதல் வகுப்பினர் பெட்டிகளில் கரை சேர்ந்தனர். (செத்த பிறகும் சீட்டின் விலை தொடர்ந்து வருவதைப் பாருங்கள்.) ஆனாலும் ஹாலிஃபாக்ஸ் நகரில் ஓர் ஒழுங்கு இருந்தது: ஒவ்வோர் உடலுக்கும் எண்ணிட்டு, உடைமைகளைத் தனித்தனிப் பையிலிட்டு, அங்க அடையாளங்களை ஏட்டில் எழுதினார்கள். நான்காவதாக எடுத்த உடல் ஓர் ஆண் குழந்தையுடையது. பெயர் தெரியவில்லை; மாலுமிகளே காசு சேர்த்துக் கல் நாட்டினர். தொண்ணூறு ஆண்டுக்குப் பின், மிஞ்சிய பற்களையும் சிறு எலும்பையும் கொண்டு ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் ஃபின்லாந்துக் குழந்தை ஒன்றின் பெயரைச் சொன்னார்கள். அது தவறு. அந்த உடையை எரிக்கும்படி 1912இல் கட்டளையிட்டபோது, சின்னஞ்சிறு காலணிகளை மட்டும் எரிக்க மனமின்றி ஒரு காவலர் வைத்திருந்தார். அவை பின்னாளில் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஃபின்லாந்துக் குழந்தைக்கு அவை பெரியவை. மீண்டும் ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டு, சிட்னி லெஸ்லி குட்வின் என்னும் பத்தொன்பது மாத ஆங்கிலேயக் குழந்தை அது என்று நிறுவினார்கள்.

ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி 1941இல் மூழ்கியது. அதன் மாலுமி ஒருவரின் உடல் மட்டும் 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிறிஸ்மஸ் தீவின் கரையருகே மிதவையொன்றில் வந்தது. 'அறியப்படாத மாலுமி' என்று அடக்கினார்கள். 2006இல் தோண்டி எடுத்தார்கள். 2021ஆம் ஆண்டு நவம்பரில், தாமஸ் வெல்ஸ்பி கிளார்க் என்ற பெயரை அறிவித்தார்கள். உறவினர் மரபணுவோடு ஒப்பிட்டு எண்பதாண்டுக்குப் பின் கிடைத்த பெயர் அது. ஒரு வெள்ளை மாலுமிக்கு எண்பதாண்டு தாமதமன்று. நம் பிள்ளைகளுக்கு முப்பதாண்டு மிகத் தாமதமோ?

ஆனால் நண்பர் கேட்டது அறிவியலன்று, மார்க்கம். அங்கும் அவர் அவசரப்பட்டுவிட்டார். மூழ்கியவர் ஷஹீது என்பது சரி. எந்த வகை ஷஹீது? மறுமைப் பலனில் ஷஹீது. இம்மைச் சட்டத்தில், போர்க்களத்தில் வீழ்ந்தவருக்குரிய விதிவிலக்கு அவருக்கு இல்லை. குளிப்பாட்டுதல், கபன், தொழுகை, அடக்கம் நான்கும் அவருக்குக் கடமை. நம் மதரஸாவில் மூன்றாம் வகுப்பு மாணவன் ஓதும் பாடம் இது. ஷஹீது என்ற சொல்லைக் கடமையிலிருந்து கழன்றுகொள்ளும் சாவியாக நண்பர் பயன்படுத்தியது நமக்கு வியப்பாக இருந்தது.

கடலே கபுறு என்றாரே. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் வழி வந்த சட்ட நூல்களைப் புரட்டட்டும். கரை எட்டாத தொலைவில் கப்பலில் ஒருவர் இறந்தால், குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுதபின், உடலை இரண்டு பலகைகளுக்கு நடுவே கட்டிக் கடலில் விட வேண்டும் என்று அவை கூறும். ஏன் பலகை? உடல் மூழ்கிவிடலாகாது, அலை அதனைக் கரை சேர்க்கும், காண்பவர் எடுத்து அடக்குவர் என்ற எதிர்பார்ப்பு. பாரம் கட்டி மூழ்கவிடலாம் என்று சொன்ன இமாம்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆயினும் கடலோரத்தில் வாழும் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபு, பிணத்தையும் கரை நோக்கி அனுப்பச் சொன்ன மத்ஹபு. அடையாளம் தெரியாத உடலை வலையிலிருந்து கடலுக்கு எறிந்தது போர்ட்டோபாலோ. கடலிலிருந்து எடுக்கவேண்டாம் என்கிறார் நம் நண்பர். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்?

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இன்னொரு விதி இருக்கிறது. முஸ்லிம் மய்யித்துகள் மற்றவர்களோடு கலந்து, யார் எவர் என்று பிரித்தறிய முடியாமற்போனால், எல்லாரையும் குளிப்பாட்ட வேண்டும், எல்லார்மீதும் தொழ வேண்டும்; நிய்யத்து முஸ்லிம்களைக் கருதியதாக இருக்கும். இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். அறியாமை கடமையைக் குறைக்கவில்லை; பெருக்கிவிட்டது. ஒருவருக்குச் செய்ய வேண்டியது நூறு பேருக்குச் செய்ய வேண்டியதாயிற்று. எஃப் 174இல் பாகிஸ்தானிய முஸ்லிம்கள் உண்டு. சீக்கியர் உண்டு. முருகனை வணங்கிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் சிலுவை அணிந்தவர்களும் உண்டு. எல்லாம் ஒரே அறையில் ஒரே எலும்புக் குவியல். 'மற்றவர் கணக்கு நமக்கெதற்கு' என்று நண்பர் பிரித்தாரே, அந்தப் பிரிவினையைப் பெயர் தெரியும்வரை செய்யவே இயலாது என்பதுதான் சட்ட நூலின் தீர்ப்பு.

அடையாளம் காண்பது புதுமோகம் என்றும் எண்ண வேண்டாம். உஹதுக் களத்தில் அனஸ் பின் நள்ர் (ரலி) அவர்களின் உடல் சிதைந்து கிடந்தபோது, எவராலும் அறிய முடியவில்லை. அவர்களின் சகோதரி வந்து விரல் நுனியைப் பார்த்துச் சொன்னார்கள். கைரேகைக் கலை பிறப்பதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் விரல் நுனியில் உடன்பிறப்பைக் கண்டுகொண்டாள். பள்ளிவாசலைக் கூட்டிய ஓர் எளியவர் இறந்ததை, சின்ன விஷயமென்று கருதி அறிவிக்காமல் அடக்கிவிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, அந்தக் கபுறைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். எந்தக் கபுறு என்று காட்டக்கூடியவர்கள் அன்று இருந்தார்கள் என்பதை நண்பர் மறக்க வேண்டாம்.

'யாருக்கு என்ன பயன்?' என்ற கேள்விக்கு, ஃபிக்ஹில் மஃப்கூது என்ற ஓர் அதிகாரமே விடை. காணாமற்போனவன் அவன். அவன் செத்தவனுமல்லன், இருப்பவனுமல்லன். அவன் மனைவி விதவையுமல்லள், சுமங்கலியுமல்லள். ஹனஃபீ மத்ஹபின் பழைய முடிவுப்படி, அவன் வயதொத்தவர்கள் எல்லாரும் மடியும்வரை அவள் காத்திருக்க வேண்டும். ஏறத்தாழ அவள் ஆயுள் முழுவதும். மாலிகீ மத்ஹபிலோ காழியின் விசாரணைக்குப் பின் நான்கு ஆண்டு, அதன்பின் இத்தா. இந்தியாவில் பெண்கள் பட்ட துன்பத்தைக் கண்டு, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்களே மாலிகீ முடிவைக் கைக்கொள்ள வழிகாட்டி நூல் எழுதினார்கள். அதன் பின்னரே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில் நான்கு ஆண்டு என்ற விதி வந்தது. சொத்துக்கும் மற்ற உரிமைகளுக்கும் ஏழாண்டு என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு; 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அந்த ஏழாண்டைத் தொடர்கிறது. இலங்கையிலும் 2016இல், இறப்புச் சான்று வாங்க மனமில்லாத குடும்பத்துக்குக் 'காணவில்லை' என்றே ஒரு சான்று கொடுக்க வழி செய்தார்கள்.

சட்டம் இத்தனை கதவுகளைத் திறந்தும், நாம் கண்ட பெண்கள் அவற்றுள் நுழைவதில்லை. நுழைந்தால், தன் கையால் அவனைக் கொன்றதாகும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை ஃபத்வாவால் நீக்க முடியாது. உடலால் மட்டுமே நீக்க முடியும். ஒரு பல் போதும்.

'கள்ளத்தனமாகப் போனவர்கள்தாமே' என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நம் சமுதாயத்தார் இதனைச் சொல்லும்போது நாம் வெட்கப்படுகிறோம். கடவுச்சீட்டு இல்லாமல் லாஞ்சில் வளைகுடாவுக்குப் போனவர்களின் பணத்தில் எழுந்த மாடிகளை நம் கரையோர ஊர்களில் எண்ணிக் காட்ட வேண்டுமா? கள்ளத்தோணி என்ற வசவை இலங்கையில் நம் மூத்தோர் வாங்கிச் சுமக்கவில்லையா? 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து தென்மராட்சிச் சாலையில் நடந்தது. அடுத்த ஆண்டு அந்த வீட்டுப் பிள்ளை ஓடாமல் என்ன செய்வான்? போகத் தகாத வழியில் போனான் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக ஜனாஸா இல்லை என்று எந்த மத்ஹபில் எழுதியிருக்கிறது?

பழவேற்காட்டில் டச்சுக்காரரின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்லியல் துறை காக்கிறது. முந்நூறு ஆண்டு கடந்தும் வணிகர் பெயரும் குடும்பச் சின்னமும் கல்லில் தெளிவாகத் தெரிகின்றன. அதே துறையிலிருந்து அதே டச்சுக்காரர் கப்பலேற்றி அனுப்பிய அடிமைகளுக்கு ஒரு கல்லும் இல்லை. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றால், 'இவர்களெல்லாம் யார்?' என்று பெயரைப் படித்துக் கேட்கிறார்கள். கல்லில்லாதவர்களைப் பற்றி இதுவரை ஒரு மாணவனும் கேட்டதில்லை. கேட்க எதுவும் கண்ணில் படவில்லையே!

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை நினைவுகூரலாம். தாய்லாந்தில் ஐரோப்பிய விருந்தினர் மாண்டார்கள்; பல நாட்டு வல்லுநர் வந்து பற்களையும் கைரேகைகளையும் ஒப்பிட்டு, மூவாயிரத்துக்கு மேற்பட்ட உடல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கண்டார்கள். நாகப்பட்டினத்தில் குழி வெட்டினோம். அவசரம் இருந்தது, உண்மை. பின்னர் இருபதாண்டு அவகாசமும் இருந்தது.

இத்தாலியைத் திட்டுவது எளிது, நம்மீதும் குற்றமுண்டு. அந்த மிலான் பேராசிரியையின் குழு சந்தித்த பெரிய தடை என்ன தெரியுமா? கடலன்று. ஒப்பிட உறவினர் கிடைக்காமை. எலும்பிலிருந்து மரபணு எடுத்து வைத்துவிட்டார்கள். அதனோடு பொருத்த ஒரு தாயின் இரத்தமோ உமிழ்நீரோ இல்லை. படகைத் தூக்கினாலும், எதிரே நிற்க ஆளில்லையென்றால் பயனில்லை. 1996இல் மகனை அனுப்பிய தாய்க்கு இன்று எழுபத்தைந்து, எண்பது வயது. தகப்பன்மார் பலர் போய்விட்டனர். படகு இன்னும் நூறாண்டு அங்கே கிடக்கும், தாய் கிடக்கமாட்டாள். ஆகவே முதலில் எடுக்க வேண்டியது கடலடியிலிருந்து அன்று. கும்மிடிப்பூண்டி முகாமில், யாழ்ப்பாணத்தில், ஹோஷியார்பூரில், குஜ்ராத் மாவட்டத்துப் பாகிஸ்தானியக் கிராமங்களில் உயிரோடிருக்கும் முதியவர்களிடமிருந்து. ஒரு பஞ்சுக் குச்சியைக் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்தால் போதும். ஹைதராபாத்தில் மரபணுத் தடய ஆய்வு மையம் இருக்கிறது. சென்னையில் மாநிலத் தடய அறிவியல் துறை இருக்கிறது. ஓர் அரசாணை போதும். கடலைத் தூக்கச் சொல்லவில்லை நாம்.

நம் வீடுகளுக்கும் ஒரு சொல். பிள்ளை பிறந்த நாளையும் நேரத்தையும் கிதாபின் உள்ளட்டையில் எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. பயணம் போகும் பிள்ளையைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறோம்? எந்தப் பல் விழுந்தது, எந்தக் கை முறிந்து கட்டுப்போட்டது, எங்கே தழும்பு, எந்தத் தரகன், எந்த நாள், எந்த ஊர்? பல் தெரியச் சிரிக்கும் ஒரு நிழற்படம் ஆயிரம் கடிதங்களுக்கு மேல் என்று வல்லுநர் கூறுகிறார்கள். நாமோ படமெடுக்கும்போது வாயை மூடச் சொல்கிறோம்.

நம் ஊர் இருப்புப்பாதையை மட்டும் விட்டுவிட முடியுமா? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் தண்டவாளத்தில் அடிபட்டு மாள்கிறார்கள். 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் முப்பது' என்று நாளிதழின் மூலையில் இரண்டு வரி. அதைப் படித்துவிட்டுத் தேநீர் குடிக்கிறோம். ஏதோ ஒரு கிராமத்தில் ஒருத்தி அந்த முப்பது வயதுக்குக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கிறாள். போர்ட்டோபாலோ நெடுந்தொலைவில் இல்லை.

அம்மையாரின் மனுவை நாம் மூன்று படிகள் எழுதினோம்: ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று சென்னையிலுள்ள மறுவாழ்வுத் துறை ஆணையருக்கு, ஒன்று தில்லியிலுள்ள இத்தாலியத் தூதரகத்துக்கு. மகனின் இடது முன்பல் பாதி உடைந்தது என்பதைக் குறித்தோம், மாமரத்திலிருந்து விழுந்தானாம். எழுதும் பழக்கத்தில், பெயருக்கு முன்னே 'காலஞ்சென்ற' என்று போட்டுவிட்டோம். படித்துக் காட்டியபோது அம்மையார் கையை நீட்டி அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னார். மூன்று படிகளிலும் அடித்துவிட்டுக் கொடுத்தோம்.